முதற்பலனாகக் கொடுத்த சவாரி

ஞானசௌந்தரிக்குக் கை சும்மா இருக்காது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்துவந்தாள். கல்யாணமாகி வந்த சூட்டோடு, புருஷன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பாயில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வீடாக இருந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டித் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவள் புருஷன் வேதமுத்துவோ எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அந்தச் சுருளை மட்டும் விட்டுராத ஏளா, கண்ணுல அடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தார். அவருக்குத் தொழிலே அதுதான். கடைத்தெருவில் கடிகாரம், தையல் மிஷின், ஆர்மோனியம் எல்லாம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அப்படிப் பொருந்திப்போன ஜோடி அது. சிரிப்புக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை.

இந்த இரண்டு பேர் கையிலும் ஒரு மோட்டார் கார் வந்து விழுந்தால் என்ன ஆகும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் அதுவும் நடந்தது.

மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஜமீன். அங்கே சீமையிலிருந்து ஆசை ஆசையாக வரவழைத்த மோட்டார், சில வருஷம் ஓடிக் களைத்து, ஒருநாள் நடுவழியில் நின்றுபோய், அதிலிருந்து குதிரை லாயத்து மூலையில் கிடந்தது. சாதாரண மோட்டார் இல்லை. முன்னால் ஓட்டுகிறவனுக்கு வெட்டவெளியில் ஒரு நீளப் பலகை. பின்னால் எஜமான் உட்காரக் கண்ணாடி அடைத்த தனி அறை. அதற்குள் வெல்வெட் மெத்தை, பட்டுத் திரை, தந்தப் பிடி வைத்த கதவு. எஜமான் கத்தாமல் உத்தரவு போடுவதற்கென்று ஒரு பேசுங்குழாய் வேறு. உள்ளே அதில் வாயை வைத்துப் பேசினால் வெளியே ஓட்டுகிறவன் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். இத்தனை பவுசும் போய், இப்போது அந்தக் கண்ணாடி அறையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

அரண்மனைக் கடிகாரங்களை ஓடவைக்கப் போயிருந்தார் வேதமுத்து. வேலை முடிந்து, கூலியாக என்ன வேண்டும் என்று காரியஸ்தர் கேட்டபோது அந்த மோட்டாரைக் கையைக் காட்டினார். காரியஸ்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கோழியையும் சேர்த்தே கொண்டுபோம்" என்றார்.

மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டுப் பின்புறத்துக் கொட்டகையில் நிறுத்தியபோது தெருவே திரண்டு நின்றது. ஆளுக்கொரு கேலி. ஞானசௌந்தரி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முன்மூடியைத் தூக்கி உள்ளே தலையை நுழைத்தவள், கொஞ்ச நேரம் கழித்து மூக்கில் கரியோடு வெளியே வந்து, "எல்லாம் இருக்கு. எதுவும் காணாமப் போகலை" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து வேதமுத்துவுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"ஏளா, இங்கன பாரு. இது ஓடுத அன்னைக்கு முதல் சவாரி உனக்குத்தான். வேற ஒருத்தரும் ஏறக் கூடாது. ஆத்துப் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

அவள் அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு வேகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மோட்டார்தான். கடையை அடைத்துவிட்டு அவர் ஓடி வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஓடி வருவாள். யார் முந்தி வந்து திருப்புளியைக் கையில் எடுப்பது என்று போட்டியே நடந்தது. கோழி எச்சம் படிந்த வெல்வெட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைத்தாள். அதன்மேல் பத்தமடைப் பாயை அளவாக வெட்டி உறையாகப் போட்டாள். சீமைக் குளிருக்குச் செய்த கண்ணாடி அறை, நம் ஊர் வெயிலில் அவித்து எடுத்தது. அதற்காக வேதமுத்து கூரையில் ஒரு சதுரம் அறுத்து, கயிற்றை இழுத்தால் திறக்கிற மாதிரி மூடி வைத்தார். ஒரு பக்கத்து ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. கண்ணாடிக்கு எங்கே போவது? வெட்டிவேர்த் தட்டி பின்னி மாட்டினாள். தண்ணீர் தெளித்தால் உள்ளே ஜிலுஜிலு என்று இருந்தது. ராஜா வைத்திருந்தபோதுகூட இந்தச் சுகம் கிடைத்திருக்காது என்று வேதமுத்து பெருமையடித்துக்கொண்டார். பின்சக்கரம் ஒன்றில் உள்ளே காற்றுப் பிடிக்கும் குழாய் வீணாய்ப்போயிருந்தது. அதற்குள் தென்னங்கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திணித்து இறுக்கிவிட்டார்கள்.

வண்டியைக் கிளப்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. முன்னால் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிச் சுழற்ற வேண்டும். அது செருகும் இடத்தில் இருந்த பிடிப்பு உடைந்திருந்ததால், ஒவ்வொரு தடவையும் வேதமுத்து அதைச் செருகுவார், சுழற்றுவார், கையோடு உருவிக்கொள்வார். அவர் சுழற்றுகிற நேரத்தில் இன்னொருவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டீரிங் சக்கரத்துக்கு நடுவே இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று நெருப்புப் பொறிக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. என்ஜின் இருமுகிற அந்தக் கணத்தில் இரண்டையும் இதமாக நகர்த்திக் கொடுத்தால் பிழைக்கும். கொஞ்சம் பிந்தினால் செத்துவிடும், முந்தினால் கைப்பிடி எகிறிச் சுழற்றுகிறவர் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். அந்த இடம் ஞானசௌந்தரியின் இடமாகிவிட்டது. அவர் முன்னால் நின்று "தயாரா?" என்பார். அவள் "ம்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் அது உயிர்பெற்றது. முதலில் ஒரு வெடி. மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன. அடுத்த வீட்டுப் பசு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பிறகு, தடதட தடதட என்று கொட்டகையே நடுங்கியது.

"ஓடுது ஏளா! ஓடுது! ஓடுது!"

வேதமுத்து கைப்பிடியைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு குதித்தார். ஞானசௌந்தரிக்கு ஏனென்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். கம்பிகளிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

பின்சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைக் கல்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கிளச்சை விட்டால் சக்கரம் ஆகாயத்தில் சுழல வேண்டும். சுழலவில்லை, வண்டி மொத்தமும் முரட்டு மாடாய்த் துள்ளிக் கல்லிலிருந்து இறங்கப் பார்த்தது. கிளச்சுக்கு உள்ளே கூம்பு மாதிரி ஒரு சாமான். அதில் சுற்றியிருந்த தோலை அவள்தான் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தாள். காய்ந்த தோல் வெடுக்கென்று கவ்விக்கொண்டது. ஆர்மோனியத்துத் துருத்தித் தோல் காய்ந்துபோனால் இவர் எண்ணெய் தடவுவாரே என்று அவளுக்கு நினைவு வந்தது. விளக்கெண்ணெய்ச் செம்பை எடுத்து வந்தாள்.

"எண்ணெய் விட்டா வழுக்கிரும் ஏளா!"

"வழுக்குதா இல்லியான்னு பாத்துருவோம். வழுக்கினா வேற தோல் தைக்கேன். உங்களுக்கு என்ன நட்டம்?"

ஊறவைத்து மாட்டிய பிறகு கிளச்சு அவ்வளவு பதமாகப் பிடித்தது! ஆகாயத்தில் சக்கரங்கள் பைய அசைந்து, வேகமெடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றன. அவள் கியர்ப் பல் மாற்றினாள், வேகம் கூட்டினாள், பிரேக் போட்டாள், மறுபடி ஓட்டினாள். கொட்டகைச் சுவரைப் பார்த்தபடியே அன்று முழுவதும் எத்தனையோ ஊர் போய் வந்துவிட்டாள். இனி கல்லிலிருந்து இறக்க வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை சவாரி என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதுதான் வினை.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவச் சபைகளில் முதற்பலனைக் கர்த்தருக்குக் கொடுப்பது வழக்கம். வாழை போட்டால் முதல் தார், மாடு ஈன்றால் முதல் பால், பனை ஏறினால் முதல் கருப்பட்டி எல்லாம் கோயிலுக்குத்தான் போகும். ஸ்தோத்திரப் பண்டிகை அன்று அவற்றைக் கோயில் வாசலில் ஏலம் போடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர், ஸ்தோத்திரம் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றதும் வேதமுத்து எழுந்தார். சனிக்கிழமைச் சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை. மோட்டார் உயிர்பெற்ற கதையை வெடிச் சத்தத்தோடு சொன்னார். சபையே வாயைப் பிளந்து கேட்டது. அந்த வேகத்தில், முடிக்கிற இடம் தெரியாமல், "அதோட முதற்பலன் கர்த்தருக்கு!" என்று முடித்துவிட்டார்.

"மோட்டாரின் முதற்பலன் என்றால், முதல் சவாரி" என்று குருவானவர் மலர்ந்த முகத்தோடு விளக்கம் சொன்னார். "வருகிற பண்டிகையில் அதை ஏலத்தில் வைப்போம்."

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு தலை மட்டும் திரும்பியது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் வேதமுத்துவுக்குத் தாம் செய்த காரியம் உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் நாலடி முன்னால் நடந்தாள். கொட்டகைக்குள் வந்த பிறகு அவரே தொடங்கினார்.

"கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியுமா ஏளா?"

"எனக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்க மட்டும் முடிஞ்சுதோ?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வண்டியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தாள். மறுநாள் என்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர்ப் பெட்டியில் ஒரு கசிவு கண்டது. அவர் அதை அடைக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காமல், "தள்ளுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். கோபம் புருஷன்மேல்தானே, வண்டி என்ன பாவம் செய்தது?

பண்டிகை வந்தது. முதல் சவாரி ஏலத்துக்கு வைத்தது என்பதால், அதற்குமுன் வண்டி தன் பலத்தில் ஓரடிகூட உருளக் கூடாது என்று வேதமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே மோட்டாருக்குப் பூமாலை சாத்தி, குருத்தோலை கட்டி, இரண்டு மாடு பூட்டிக் கோயிலுக்கு இழுத்தார்கள். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பாடகர் கூட்டத்தோடு முன்னால் நடந்தார். ஸ்டீரிங் பிடிக்க ஆள் வேண்டுமே? அவள்தான் உட்கார்ந்தாள். தெருவில் ஒருத்தி, "பெறகென்ன சௌந்தரி, முதல் சவாரி உனக்குத்தான் கெடச்சிருச்சே" என்றாள். "மாடு இழுத்தா அது மாட்டு வண்டி" என்றாள் ஞானசௌந்தரி.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. பூசணிக்காய் போயிற்று, வாழைத்தார் போயிற்று. ஒரு சேவலை எடுத்தவரெல்லாம் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததால், அது மறுபடி மறுபடி ஏலத்துக்கு வந்து கூவிக்கொண்டிருந்தது. கடைசியில் முதல் சவாரி. திசையன்விளைக் கருப்பட்டி வியாபாரி தேவசிகாமணி அண்ணாச்சி பண்டிகைக்கென்று வில்வண்டியில் வந்திருந்தார். பெரிய தலைப்பாகை, அதைவிடப் பெரிய குரல். எதையும் இன்னொருவர் எடுத்துக்கொண்டுபோக விடுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. பெண்கள் பக்கத்திலிருந்து ஞானசௌந்தரியும் கேட்டாள். சபை திரும்பிப் பார்த்தது. குரல் நடுங்காமல் ஏற்றிக் கேட்டாள், இன்னும் ஏற்றிக் கேட்டாள். அவள் கைக்கு எட்டியது அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு அது தொடக்கம்.

ஏலம் விட்ட உபதேசியார் மூன்றாம் தரம் சொன்னார். சவாரி அண்ணாச்சிக்குப் போயிற்று. வேதமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞானசௌந்தரி விடுவிடு என்று சபை விருந்தான அசனம் வேகிற பந்தலுக்குப் போய், அண்டாவில் கரண்டியைப் போட்டுக் கிண்டத் தொடங்கினாள். அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் அண்ணாச்சி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏறவில்லை.

"முதல்ல கெளம்பட்டும்வே. பெறகு ஏறுதேன்."

வேதமுத்து கைப்பிடியைச் சுழற்றினார். வெடித்தது. கம்பியை நகர்த்த அவர் ஓடி வருவதற்குள் செத்தது. மறுபடி சுழற்றினார், மறுபடி ஓடினார். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பாட்டு வாத்தியாரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் கம்பியைப் பிடித்து இழுத்த இழுப்பில் கைப்பிடி எகிறி, வேதமுத்து மயிரிழையில் தப்பினார். மாட்டைப் பூட்டச் சொல்லி ஒருவர், ஜெபம் செய்யச் சொல்லி ஒருவர், ஆளுக்கொரு யோசனை. கோட்டெல்லாம் வியர்வை. கடைசியில் வேதமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமையல் பந்தலுக்கு வந்தார். அத்தனை பெண்கள் முன்னாலும் வந்து நின்றார்.

"ஏளா, வா."

"எதுக்கு?"

"நீ இல்லாம அது ஓடாது." குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "எனக்கும்தான் ஓடாது."

அவள் கரண்டியைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். நடந்து வந்து, பாட்டு வாத்தியாரை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"தயாரா?"

"ம்."

ஒரே சுழற்று. தடதட தடதட என்று பிடித்துக்கொண்டது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அண்ணாச்சி கண்ணாடி அறைக்குள் ஏறி, பத்தமடைப் பாயில் சாய்ந்து, கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். வேதமுத்து கைப்பிடியை உருவிக்கொண்டு பக்கவாட்டில் வந்தார். இந்த இடத்தில்தான் அவள் இறங்க வேண்டும். அவர் ஏற வேண்டும்.

அவள் இறங்கவில்லை. முன்னால் வெறும் சாலை கிடந்தது. கொட்டகைச் சுவர் இல்லை. கிளச்சைப் பைய விட்டாள்.

மோட்டார் நகர்ந்தது! "ஏளா! ஏளா!" என்று ஒரு குரல் பின்னால் தேய்ந்தது. ஆட்கள் ஒதுங்கினார்கள். முதல் திருப்பத்தில் ஒரு வேலியைக் கொஞ்சம் உரசினாள், அவ்வளவுதான். அடுத்த பல் போட்டாள். காற்று முகத்தில் அடித்தது. கயிறு திணித்த சக்கரம் தொக்குத் தொக்கு என்று தாளம் போட்டது. ஐயோ, ஆகாயத்தில் சுழல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டு பக்கத்து மரங்களும் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்து அவளுக்குப் பாட வேண்டும் போல் இருந்தது. பாடவும் செய்தாள்.

காதுக்குப் பக்கத்தில் பேசுங்குழாய் அலறியது.

"வேதமுத்து! பைய போவே! பைய போ!"

"அவுக பின்னால ஓடி வாறாக, அண்ணாச்சி."

உள்ளே கண்ணாடியில் தலைப்பாகை முட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ... நீயா தாயீ?"

"ஆமா அண்ணாச்சி."

"பிரேக்கு எங்கன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். அதுக்கும் நான்தான் தோல் தச்சேன்."

வண்ணாரப்பேட்டை கடந்து ஆற்றுப் பாலம் வந்தது. தாமிரபரணியில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை ஓங்கியபடியே நிமிர்ந்து பார்த்தார்கள். பாலத்தின் தொடக்கத்தில் பிரேக் போட்டாள். நின்றது. போட்ட இடத்தில் நின்றது! அந்தப் பூரிப்பில் கம்பியை மறந்துவிட்டாள். என்ஜின் ஒருதரம் இருமிவிட்டு அடங்கியது. கிளப்ப வேண்டுமென்றால் கைப்பிடி வேண்டும். கைப்பிடி அவர் கையில்.

அண்ணாச்சி இறங்கி, கரையில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டார். அவள் ஸ்டீரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போது பயம் வந்தது. இத்தனை ஜனத்துக்கு முன்னால் அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தாயிற்று. வந்தால் என்ன சொல்வார்? சொல்லட்டும், நானும் சொல்வேன் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டாள்.

சாலையில் புழுதி கிளம்பியது. அண்ணாச்சியின் வில்வண்டிதான். வண்டிக்காரன் பிச்சைக்கண்ணு மாடுகளை விரட்ட, பின்னால் வேதமுத்து கைப்பிடியைத் தோளில் சாத்தி நின்றுகொண்டே வந்தார். கோட்டில் ஒரு பொத்தான் மிச்சமில்லை. குதித்து இறங்கி, அவளைப் பார்க்காமல் நேரே வண்டியின் முன்னால் போனார். கைப்பிடியைச் செருகினார்.

"தயாரா?"

அவள் தயார் செய்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"ம்."

என்ஜின் பிடித்தது. அவர் ஓட்டுகிறவர் பக்கமாக வந்து படியில் கால் வைத்தார். ஞானசௌந்தரி சக்கரத்தை இறுகப் பிடித்தாள். எண்ணெயும் சாம்பாரும் படிந்த அந்தக் கைகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலை எடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கமாக ஏறி அவளுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். அண்ணாச்சி மறுபடி கண்ணாடி அறைக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். பேசுங்குழாய் ஏதோ புலம்பத் தொடங்கியது.

"கர்த்தருக்குக் கொடுத்தது கர்த்தருக்குப் போய்ச் சேந்துட்டு" என்றார் வேதமுத்து. "உனக்குக் கொடுத்தது உனக்கு வந்து சேந்துச்சா ஏளா?"

"பாதிதான் சேந்துருக்கு. இன்னும் திரும்பிப் போற வழி இருக்குல்லா?" என்று சொல்லி ஞானசௌந்தரி கிளச்சை விட்டாள்.